1855 சிகாகோ மேயர் தேர்தல்: பாதி ஊர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், ஜெயித்தது அவர்களை எதிர்த்த கட்சி. எப்படி?

தூரதேசி கேட்டது:

சிகாகோவின் ஆரம்ப காலத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு இடத்தில் கணக்கு இடிக்கிறது, தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

1837 மார்ச்சில்தான் அது சட்டப்படி நகரம் ஆகிறது. அதே வருடம் மே 2-ஆம் தேதி முதல் மேயர் தேர்தல். வில்லியம் ஆக்டனுக்கு 489 ஓட்டு, ஜான் கின்ஸிக்கு 217. அப்போது ஊரில் மொத்தமே நாலாயிரத்துச் சொச்சம் பேர். கின்ஸி அங்கே ஆரம்பத்திலேயே வந்து வியாபாரம் செய்த குடும்பத்துப் பிள்ளை. ஆக்டன் 1835-இல் நியூயார்க்கிலிருந்து சொந்தக்காரர் வாங்கிப்போட்ட நிலத்தைப் பார்க்க வந்து அங்கேயே தங்கிவிட்டவர். வந்து ரெண்டு வருடம்கூட ஆகாத ஆள் பழைய குடும்பத்தை ரெண்டு மடங்குக்கு மேல் ஓட்டு வாங்கித் தோற்கடிக்கிறார். இது எனக்குப் புரிகிறது. ஊரில் பெரும்பாலோர் புதிதாக வந்தவர்கள், அவர்களுக்கு நிலமும் கால்வாயும் ரயிலும்தான் பேச்சு, அதைக் கொண்டுவருவேன் என்றவருக்குப் போட்டார்கள்.

ஆனால் 18 வருடம் கழித்து வருகிற 1855 தேர்தல்தான் பிடிபடவில்லை. அதற்குள் ஊர் 80,000 பேர் அளவுக்கு வளர்ந்துவிட்டது. 1850 கணக்கெடுப்பிலேயே பாதிக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள், முக்கியமாக ஐரிஷ்காரர்களும் ஜெர்மானியர்களும். அப்படிப்பட்ட ஊரில் 1855 மார்ச் 6-ஆம் தேதி லீவை பூன் என்ற டாக்டர் மேயராகிறார். அவர் 'நோ நத்திங்' கட்சிக்காரர். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் அரசாங்கத்தில் இடமே கூடாது, குடியுரிமைக்கு 21 வருடம் காத்திருக்க வைக்க வேண்டும் என்று சொன்ன கூட்டம் அது. பூனுக்கு 3,185, அப்போது பதவியில் இருந்த ஐசக் மில்லிக்கனுக்கு 2,841. வித்தியாசம் 344 ஓட்டு.

கள்ள ஓட்டா? இல்லை, அந்த மக்களுக்கு ஓட்டே கிடையாதா? ஐரிஷ்காரர்கள் அரசியலில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆட்களும் இல்லையே. ஜெயித்து ஆறே வாரத்தில் ஊரில் கலவரம் என்றும் படித்தேன், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

பழைய_வரைபடம் எழுதியது:

நல்ல கேள்வி. கள்ள ஓட்டைத் தேட வேண்டிய அவசியமே இல்லை, நீங்கள் கொடுத்த எண்களிலேயே பாதி பதில் இருக்கிறது. ரெண்டையும் கூட்டிப் பாருங்கள், 6,026 வருகிறது. 80,000 பேர் வாழ்கிற ஊரில் ஆறாயிரம் ஓட்டு. பெண்களை, குழந்தைகளை, கறுப்பினத்தவரைக் கழித்துவிட்டாலும் (1848 இல்லினாய் அரசியல் சாசனப்படி 21 வயது தாண்டிய வெள்ளை ஆண்களுக்கு மட்டும்தான் ஓட்டு) மிச்சம் இருக்கிறவர்களில் பெரும் பகுதி அன்றைக்கு ஓட்டுச்சாவடிப் பக்கமே வரவில்லை என்பது தெரியும். ஆக, ஊரில் யார் அதிகம் என்பதைவிட அன்றைக்கு யார் வந்து ஓட்டுப் போட்டார்கள் என்பதுதான் கணக்கு.

வராததற்கு முதல் காரணம் சட்டம். இல்லினாயில் 1818 சாசனம் ரொம்பத் தாராளம்: குடிமகனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, மாநிலத்தில் ஆறு மாதம் வசித்திருந்தால் போதும், ஓட்டுப் போடலாம். கால்வாய் வெட்ட வந்த ஐரிஷ் தொழிலாளிகள் அப்படித்தான் ஓட்டுப் போட்டார்கள். 1848-இல் வந்த புதுச் சாசனம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. அந்த நேரத்தில் ஏற்கெனவே அங்கே வசித்தவர்களுக்கு உரிமையை விட்டுவைத்து, அதற்கு அப்புறம் வருகிறவர்கள் குடியுரிமை பெற்றால்தான் ஓட்டு என்று ஆக்கியது. குடியுரிமைக்கோ ஐந்து வருடம் ஆகும். இப்போது யோசியுங்கள், ஜெர்மனியில் 1848 புரட்சி தோற்றபிறகு கூட்டம் கூட்டமாக வந்தவர்கள், அயர்லாந்தின் பஞ்சத்துக்குத் தப்பி அந்தக் காலகட்டத்தின் பின்பகுதியில் வந்து சேர்ந்தவர்கள், இவர்களில் எத்தனை பேர் 1855 மார்ச்சுக்குள் காகிதம் கையில் வாங்கியிருப்பார்கள்? ஊரில் இருந்தார்கள், வேலை பார்த்தார்கள், வரி கொடுத்தார்கள், ஓட்டுப் பட்டியலில் மட்டும் இல்லை.

ரெண்டாவது, ஜனநாயகக் கட்சி உள்ளுக்குள்ளேயே உடைந்து கிடந்தது. 1854-இல் சிகாகோவின் சொந்த செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ், கான்ஸஸ்-நெப்ராஸ்கா சட்டத்தைக் கொண்டுவந்து மேற்கே புதுப் பகுதிகளில் அடிமை முறைக்கு வழி திறந்துவிட்டார். அந்த செப்டம்பரில் சிகாகோவில் அவர் கூட்டம் போட்டு நியாயம் சொல்ல வந்தபோது ஜனங்கள் கத்திக் கூச்சல் போட்டு அவரைப் பேசவே விடவில்லை. ஜெர்மானியர்களில் நிறையப் பேர் அடிமை முறையை மனதார வெறுத்தவர்கள். இத்தனை வருடம் கண்ணை மூடிக்கொண்டு ஜனநாயகக் கட்சிக்குப் போட்டவர்களுக்கு அந்தக் கட்சிக்காக உழைக்க மனசு வரவில்லை, எதிர்ப்பக்கம் நிற்பதோ தங்களை வெளியே போ என்கிற கூட்டம். வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் அப்போது பலருக்குத் தோன்றியிருக்கும் என்பது என் கணிப்பு.

மூன்றாவது, மதுவிலக்கு. நோ நத்திங் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பூன் ஜெயித்திருக்க முடியாது. 1854 தேர்தலிலேயே ஏமஸ் த்ரூப் என்பவர் மதுவிலக்கு வேட்பாளராக நின்று மில்லிக்கனிடம் தோற்றார், ஆனாலும் 2,500 ஓட்டுக்கு மேல் வாங்கியிருந்தார். (இதே த்ரூப்தான் வயதான காலத்தில் கலிஃபோர்னியாவுக்குப் போய் பசடீனாவில் ஒரு கல்லூரி தொடங்கினார், அதுதான் பின்னாளில் கால்டெக் ஆனது.) 1855 பிப்ரவரியில் இல்லினாய் சட்டமன்றம் முழு மதுவிலக்குச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி, ஜூனில் மக்கள் வாக்கெடுப்புக்கு விடுவதாக முடிவு செய்தது. அடுத்த மாதமே நகரத் தேர்தல். தேவாலயத்துக்குப் போகிற புராட்டஸ்டன்ட் நடுத்தர வர்க்கம் முழு வேகத்தில் இருந்த நேரம். அந்த ஓட்டும் நோ நத்திங் ஓட்டும் ஒன்றாகச் சேர்ந்ததில் பூன் கரையேறினார்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்தக் கட்சி ஒரு ரகசிய சங்கமாக வளர்ந்தது. உறுப்பினரிடம் யாராவது விசாரித்தால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்பது விதி. அதனால் எதிரிக்கு இவர்கள் பலம் என்ன என்று முன்கூட்டி அளந்து பார்க்க வழியே இல்லாமல் போனது. அதே காலத்தில் பிலடெல்ஃபியா, சான் ஃபிரான்சிஸ்கோ இரண்டிலும்கூட இவர்கள் ஆள் மேயராக வந்தார், மாசசூசெட்ஸ் மாநிலத்தையே அள்ளிக்கொண்டு போனார்கள். சிகாகோ தனியாக வழிதவறிப் போன ஊர் இல்லை.

---

வடகரை எழுதியது:

மேலே நண்பர் தேர்தலைச் சொல்லிவிட்டார், நான் கலவரத்தைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஊரின் அமைப்பைக் கண்முன் கொண்டுவந்துகொள்ளுங்கள். நடுவே கிழக்கு மேற்காகச் சிகாகோ ஆறு ஓடி ஏரியில் விழுகிறது. ஆற்றுக்குத் தெற்கே நீதிமன்றம், நகர அலுவலகம், கடைகள், பணக்காரர்கள். வடக்கே ஜெர்மானியர்களின் பகுதி. ரெண்டையும் இணைப்பது சில பாலங்கள், அதில் கிளார்க் தெருப் பாலம் முக்கியமானது. கப்பல் வந்தால் வழிவிடுவதற்காக அந்தப் பாலத்தை நடு அச்சில் அப்படியே திருப்பிவிடலாம்.

பூன் பதவிக்கு வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, மதுக்கடை லைசென்ஸ் கட்டணத்தை வருடம் 50 டாலரிலிருந்து 300 டாலராக ஏற்றியது. அதோடு எந்த லைசென்ஸும் மூன்று மாதத்துக்கு மேல் கிடையாது என்றும் விதி போட வைத்தார், ஜூனில் மதுவிலக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையில். அன்றைக்குச் சாதாரணக் கூலியாளுக்கு நாளுக்கு ஒரு டாலர் கிடைத்தால் பெரிது, அப்படிப் பார்த்தால் 300 டாலர் என்பது ஒரு வருட உழைப்பு. வீட்டின் முன் அறையில் நாலு பெஞ்சு போட்டு பீர் விற்கிற குடும்பத்துக்கு இது கட்டணமே இல்லை, கடையை மூடு என்ற உத்தரவு.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை அடைப்பு. அந்தச் சட்டம் ஏற்கெனவே புத்தகத்தில் இருந்ததுதான், யாரும் கண்டுகொள்வதில்லை. பூன் அதைத் தூசி தட்டி எடுத்தார். வாரத்தில் ஆறு நாள் வேலை செய்கிற ஜெர்மானியக் குடும்பம் ஞாயிறு மத்தியானம் குழந்தை குட்டியோடு பீர்த் தோட்டத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும், அதுதான் அவர்களுடைய ஒரே ஓய்வு. அந்தத் தோட்டங்களை மூட வைத்தார்கள். அதே ஞாயிற்றுக்கிழமை தெற்குக் கரையில் அமெரிக்கர்களின் விஸ்கிக் கடைகளில் பின்கதவு வழியாக வியாபாரம் நடந்துகொண்டிருந்தது, போலீஸ் அந்தப் பக்கம் போகவில்லை. ஜனங்களை வெறியேற்றியது இந்தப் பாரபட்சம்தான் என்று நான் நினைக்கிறேன். கைது செய்ய வருகிற போலீசும் யார்? பூன் புதிதாகத் திரட்டிய படை, அதில் அமெரிக்காவில் பிறந்தவர்களை மட்டும்தான் எடுத்திருந்தார்கள்.

கைதான கடைக்காரர்களின் வழக்கு ஏப்ரல் 21, சனிக்கிழமை விசாரணைக்கு வந்தது. காலையில் வடகரையிலிருந்து ஒரு கூட்டம் மேளமும் குழலும் முழங்க நீதிமன்றத்துக்கு ஊர்வலமாக வந்து, கிளார்க் தெருவும் ராண்டால்ஃப் தெருவும் சந்திக்கிற இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. தெருவைக் காலி பண்ணுங்கள் என்று பூன் உத்தரவு போட, போலீஸ் தடியோடு இறங்கிச் சிலரைப் பிடித்துக்கொண்டு போனது. கூட்டம் திரும்பிப் போய்விட்டது, ஆனால் மத்தியானம் மூன்று மணி வாக்கில் துப்பாக்கி, கத்தி, கட்டை என்று கையில் அகப்பட்டதோடு இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது. அதற்குள் மேயர் தற்காலிகப் போலீசாக நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து வைத்திருந்தார்.

இப்போது பாலத்துக்கு வாருங்கள். ஊர்வலத்தின் முன்பகுதி பாலத்தைத் தாண்டித் தெற்கே இறங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து பாலத்தைத் திருப்பிவிட உத்தரவு வந்தது. பின்னால் வந்தவர்கள் வடகரையில் நின்றபடி, நடு ஆற்றில் குறுக்கே நிற்கிற பாலத்தைப் பார்த்துக் கத்துகிறார்கள். முன்னால் போனவர்கள் தெற்கே தனியாக மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். போலீஸ் தன்னைச் சரிப்படுத்திக்கொண்டதும் பாலத்தை மறுபடி பொருத்தினார்கள், மிச்சக் கூட்டம் பாய்ந்து வந்தது, சுட ஆரம்பித்தார்கள். ஒரு போலீஸ்காரரின் கையில் துப்பாக்கிச் சூடு பட்டு அந்தக் கையையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. கணக்கில் வந்த சாவு ஒன்று, ஜெர்மானியர். வடகரையில் அடுத்த சில நாளில் சத்தமில்லாமல் இன்னும் சில சவ அடக்கங்கள் நடந்ததாக ஊரில் பேச்சு இருந்தது. நீதிமன்றத்தைச் சுற்றி பீரங்கி கொண்டுவந்து வைத்தார்கள்.

சுமார் 60 பேரைப் பிடித்தார்கள், 14 பேர் மீது விசாரணை நடந்தது, ரெண்டே பேருக்குத் தண்டனை. அந்த ரெண்டு பேரும் ஐரிஷ்காரர்கள்! ஜெர்மானியர்கள் நடத்திய கலவரத்தில் கடைசியில் குற்றவாளி என்று தீர்ப்பானது அவர்கள் மட்டும்தான். அவர்களுக்கும் மறுவிசாரணை என்று சொல்லி, அது நடக்கவே இல்லை.

---

மருந்துச்சீட்டு எழுதியது:

கலவரத்தை யாரும் நியாயப்படுத்த முடியாது, பூனின் கட்சி வெறுப்பை விதைத்த கட்சி என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அவருக்கு ஓட்டுப் போட்ட 3,185 பேரையும் ஒரே கூடையில் போட்டுப் பேசினால் அந்த ஊரைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன்.

1854 கோடையில் சிகாகோவில் காலரா. ஒரே வருடத்தில் 1,400-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சாக்கடை என்ற ஒன்றே கிடையாது, நிலம் ஏரி மட்டத்துக்குச் சற்றுத்தான் மேலே, கழிவு போக வழியில்லாமல் தெருவிலேயே தேங்கும். பூன் டாக்டர், அதற்கு முந்தைய காலரா நாட்களில் நகர மருத்துவராக வேலை பார்த்தவர். அந்தக் கோடையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வீட்டுக்காரர், ஊரை ஒழுங்குபடுத்துவேன் என்று ஒரு டாக்டர் நிற்கும்போது அவர் கட்சியின் மற்ற கொள்கைகளை எவ்வளவு தூரம் பார்த்திருப்பார்? காலரா அதிகம் தாக்கியது நெருக்கமாக வாழ்ந்த ஏழைக் குடியேறிகளை, அதையே காரணம் காட்டி அவர்கள்தான் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று பழிசொன்னவர்களும் உண்டு. பயமும் அக்கறையும் வெறுப்பும் ஒரே ஓட்டில் கலந்து கிடந்தன.

அந்த ஆட்சியில் உருப்படியான வேலையும் நடந்தது. பகல் போலீஸ், இரவுக் காவல் என்று தனித்தனியாகக் கிடந்ததை ஒரே காவல்துறையாக இணைத்துச் சீருடை கொடுத்தார்கள். ஆனால் வெளிநாட்டில் பிறந்தவனை அதில் சேர்க்க மாட்டேன் என்ற விதியால் அந்த நல்ல காரியத்தையே கெடுத்துக்கொண்டார்கள். சாக்கடை வாரியமும் 1855-இல்தான் அமைந்தது, அது மாநிலச் சட்டத்தால் வந்தது, மேயருக்கு அதில் பெருமை இல்லை. நீங்கள் சொன்ன முதல் மேயர் ஆக்டன் அந்த வாரியத்தில் ஒருவர். பாஸ்டனிலிருந்து எல்லிஸ் செஸ்பரோ என்ற பொறியாளரை வரவழைத்து, சாக்கடையைப் பூமிக்குள் புதைக்கப் போதிய ஆழம் இல்லாததால் தெரு மட்டத்தையே பல அடி உயர்த்துவது என்று முடிவெடுத்தார்கள். கட்டிடங்களைத் திருகு ஜாக்கி வைத்துத் தூக்கிய கதையெல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம்.

---

தூரதேசி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஓட்டுரிமைச் சட்டம் 1848-இல் மாறியது எனக்குத் தெரியவே தெரியாது, அதுதான் முடிச்சை அவிழ்க்கிறது.

இன்னும் ஒன்று. சிகாகோவில் அப்போது மேயர் பதவி ஒரு வருடம்தானே? அப்படியானால் 1856 மார்ச்சில் என்ன ஆனது? ஜூன் வாக்கெடுப்பு? கட்சி சின்னாபின்னமானது தெரியும், ஆனால் அந்த ஊரில் அது எப்படி நடந்தது?

---

மசிக்குப்பி எழுதியது:

ஜூன் வாக்கெடுப்பில் மதுவிலக்கு தோற்றது. கலவரம் முடிந்து ஆறு வாரம், சிகாகோவில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் அதற்கு எதிராகத் திரண்டு போட்டார்கள்.

1856 மார்ச் தேர்தலில் பதிவான ஓட்டு 8,800-ஐத் தாண்டியது. போன வருடம் ஆறாயிரம், இந்த வருடம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு! ஜனநாயகக் கட்சியின் தாமஸ் டயர் ஜெயித்தார், லைசென்ஸ் கட்டணம் பழையபடி 50 டாலருக்கு இறங்கியது. இந்தக் கூடுதல் ஓட்டில் இரண்டு வகை இருந்தது. ஒன்று, போன தடவை வீட்டில் இருந்தவர்கள் இந்தத் தடவை வந்தார்கள். இன்னொன்று, 1850, 51 வாக்கில் வந்து இறங்கியவர்களுக்கு இப்போதுதான் ஐந்து வருடம் நிறைந்து குடியுரிமை கைக்கு வந்துகொண்டிருந்தது. பழைய_வரைபடம் சொன்ன அதே விதி அடுத்த வருடமே எதிர்ப்பக்கம் வேலை செய்தது.

அன்றைக்கு ஓட்டுப் போடும் முறையையும் நினைவில் வையுங்கள். 1848 வரை இல்லினாயில் வாயால் சொல்லித்தான் ஓட்டு, எழுத்தர் எழுதிக்கொள்வார். புதுச் சாசனத்தோடு சீட்டு முறை வந்தது, ஆனால் அரசாங்கம் அச்சடித்த சீட்டு இல்லை. ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் பெயர்களை அச்சடித்து வாசலில் ஆள் நிறுத்திக் கையில் திணிக்கும். யார் எந்தக் கட்சிக்காரரிடம் சீட்டு வாங்குகிறார் என்பதை வாசலில் நிற்கிற எல்லாரும் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட சூழலில், உன்னைப் போன்றவன் இங்கே வேண்டாம் என்று சொல்லும் ஆட்சியின் கண்ணெதிரே ஒரு புதுக் குடிமகன் போய் எதிர்ச்சீட்டை வாங்கிப் போடுவதற்குத் தைரியம் வேண்டும். 1856-இல் அத்தனை பேர் போனது எனக்கு இப்போது படிக்கும்போதும் மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

இதன் தாக்கம் சிகாகோவோடு நிற்கவில்லை. நெப்ராஸ்கா சட்டத்தை எதிர்த்தவர்கள் புதிதாகக் குடியரசுக் கட்சியைக் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. அவர்களுக்கு நோ நத்திங் ஓட்டும் வேண்டும், ஜெர்மானியர் ஓட்டும் வேண்டும், ரெண்டும் ஒன்றாக வராது. ஸ்பிரிங்ஃபீல்டில் வக்கீலாக இருந்த லிங்கன் 1855 ஆகஸ்டில் கென்டக்கியில் இருந்த தன் நண்பர் ஜோஷுவா ஸ்பீடுக்கு எழுதிய கடிதத்தில், நான் நோ நத்திங் இல்லை, எப்படி இருக்க முடியும் என்று கேட்கிறார். எல்லா மனிதரும் சமம் என்று தொடங்கிய நாடு இப்போது கறுப்பர்களைத் தவிர என்று படிக்கிறது, இவர்கள் ஆட்சிக்கு வந்தால் வெளிநாட்டவரையும் கத்தோலிக்கரையும் தவிர என்றும் சேர்த்துப் படிக்கும், அந்த நிலைமை வந்தால் ரஷ்யாவுக்குக் குடிபோவதே மேல் என்கிறார். அதே ஆகஸ்ட் மாதம் 6-ஆம் தேதிதான் அந்தக் கென்டக்கியின் லூயிவில் நகரத்தில் தேர்தல் நாளன்று நோ நத்திங் கும்பல் ஐரிஷ், ஜெர்மானியர் வீடுகளைக் கொளுத்தி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்திருந்தார்கள். ஆனால் லிங்கன் மேடையில் இதை அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை, அந்த ஓட்டுகளும் தேவைப்பட்டன. அந்த விஷயத்தில் அவர்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

அந்தத் தயக்கத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு சிகாகோ ஜெர்மானியர், 'இல்லினாய் ஸ்டாட்ஸ் ஸைடுங்' பத்திரிகையின் ஆசிரியர் ஜார்ஜ் ஷ்னைடர். 1856 பிப்ரவரி 22-இல் டிகேட்டர் ஊரில் அடிமை முறையை எதிர்க்கும் பத்திரிகை ஆசிரியர்கள் கூடினார்கள். பிறந்த நாட்டையும் மதத்தையும் வைத்து யாருடைய உரிமையையும் குறைக்கக் கூடாது என்ற தீர்மானத்தை ஷ்னைடர் அங்கே கொண்டுபோனார். சிலர் முரண்டு பிடிக்க, அங்கே இருந்த லிங்கன் இவருக்குத் துணை நின்றார், தீர்மானம் நிறைவேறியது. அதற்கு அப்புறம் ஜெர்மானியர்கள் கூட்டம் கூட்டமாகப் புதுக் கட்சிக்கு வந்தார்கள். 1857-இல் 'லாங் ஜான்' வென்ட்வொர்த் சிகாகோவின் முதல் குடியரசுக் கட்சி மேயராக ஜெயித்தார். 1860-இல் அதே சிகாகோவில் லிங்கனை வேட்பாளராக்கிய மாநாட்டில், குடியேறிகளின் குடியுரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் ஏற்க மாட்டோம் என்பது கட்சி அறிக்கையிலேயே இடம் பிடித்தது.

பூன் ஒரு வருடத்தோடு பதவியை விட்டுப் போனார். உள்நாட்டுப் போர் நடந்தபோது 1862-இல், சிகாகோவின் டக்ளஸ் முகாமிலிருந்து ஒரு தெற்குத் தரப்புக் கைதி தப்பிக்க உதவினார் என்ற சந்தேகத்தில் அவரையே பிடித்து உள்ளே வைத்தார்கள். கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்கள். 1882-இல் சிகாகோவிலேயே காலமானார்.